நிபோல் மறைக்க மறந்த எருது

நிபோலுக்கு நன்றி சொல்வதில் அளவே கிடையாது. பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்குச் சொல்வாள். அது மெல்பர்னில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் இவள் கதவைத் திறந்துவிட்ட லிஃப்டுக்கும் சொல்வாள். காலை வேலைக்குப் போகும் முதியோர் இல்லத்தில், குளிக்க மாட்டேன் என்று அவளைத் திட்டுகிற கிழவர்களுக்கும் சொல்வாள். "அம்மாவை யாராவது கன்னத்துல அறைஞ்சாக்கூட, வந்ததுக்கு ரொம்ப நன்றின்னு வாசல் வரைக்கும் போய் வழியனுப்புவா" என்பாள் அவளுடைய மூத்த மகள். பெற்ற தாயைக் கேலி செய்வதில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நிகர், அவர்கள் குடியிருக்கும் நோபிள் பார்க் புறநகரில் யாரும் இல்லை.

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. தெற்கு சூடானில் ட்விச் பக்கம் சண்டை வந்து ஊரே கிளம்பி ஓடியபோது, நடந்துகொண்டிருந்த கூட்டத்தின் நடுவில் பிறந்தவள் அவள். ஐந்து வயதில் கென்யாவின் ககுமா முகாமுக்கு வந்து பதினெட்டு வயது வரை அங்கேயே கிடந்தாள். மாடுதான் உயிர் என்றிருக்கும் டிங்கா இனத்தில் பிறந்தும் மாடு பார்க்காமல் வளர்ந்தவள். முகாமைச் சுற்றி ஆடுதான் மேய்ந்தது. மாட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பெரியவர்கள் பாடக் கேட்டது மட்டும். அதைக் குறையாக அவள் நினைத்ததில்லை. அதுதான் பின்னால் வினையாக வந்தது.

மெல்பர்னுக்கு வந்த பிறகு முதியோர் இல்ல வேலை, கல்யாணம், மூன்று பிள்ளைகள், மாலை வகுப்பில் ஒரு பட்டம், அதற்கு மேல் இன்னொன்று. முப்பத்திரண்டு வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். சேர்ந்த எட்டாம் மாதம் விட்டுவிடுவது என்று முடிவு கட்டினாள். அவளோடு உட்கார்ந்த மாணவர்கள் பேசும் ஆங்கிலம் ஒன்று, அவள் எழுதும் ஆங்கிலம் வேறொன்று. மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுக்கும் தாள்களில் எழுத்தைவிடச் சிவப்பு அதிகம். விலகல் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டு, அனுப்புவதற்கு முன் சாப்பிடுவோம் என்று மூன்றாம் மாடிச் சமையலறைக்குப் போய், கருவாட்டுக் குழம்பை மைக்ரோவேவில் சூடாக்கினாள். வாசனை நடைபாதை முழுக்கப் பரவியது. படபடவென்று யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. போச்சு, மானம் போச்சு என்று நிபோல் மூடியைத் தேடினாள்.

உள்ளே நுழைந்தவள் கானாவிலிருந்து வந்த எஃபுவா. மூச்சிரைக்க நின்றாள்.

"இந்தக் கருவாட்டை எங்கே வாங்கின?"

"மன்னிச்சுக்கோங்க, நான் ஜன்னலைத் திறந்து..."

"ஜன்னலைத் தொட்டே, கையை உடைப்பேன். ஒரு வருஷமா இந்த ஊர்ல தேடிக்கிட்டிருக்கேன். கடை எங்கேன்னு சொல்லு முதல்ல."

அன்று வியாழக்கிழமை. எஃபுவா அவளையும் கிண்ணத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோடி அறைக்குப் போனாள். கதவில் ஒட்டியிருந்த பெயர் கதவைவிட நீளம்: ஆப்பிரிக்க வளர்ச்சிக்கும் புலம்பெயர்ந்தோருக்குமான ஆய்வு மாணவர் மன்றம். உள்ளே இருந்தவர்கள் அதை வியாழன் மன்றம் என்றே சொல்வார்கள். ஒன்பது பேர், ஏழு நாடு, ஒரே ஒரு நல்ல நாற்காலி. மலாவிக்காரன் சிகொண்டி எழுந்து அந்த நாற்காலியை அவளுக்குக் கொடுத்தான். விலகல் கடிதம் அனுப்பப்படவே இல்லை. இன்றைக்கும் நிபோல், "என்னை டாக்டர் ஆக்கினது கருவாடு" என்று சொல்லும்போது பாதி சிரிப்பும் பாதி கண்ணீருமாகத்தான் சொல்வாள்.

வியாழன் மன்றத்துக்கு ஒரு சட்டம் உண்டு. யாரைப் பற்றி எழுதினாயோ அவர்களுக்கு முதலில் வாசித்துக் காட்டு, தேர்வாளர் பிறகு பார்த்துக்கொள்ளட்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் சிகொண்டி. அவனுடைய ஆய்வு அடிபம்பைப் பற்றியது. அவன் ஊரில் ஒரே பம்பை ஆறு நாட்டுக்காரர்கள் வந்து ஆராய்ந்துவிட்டுப் போனார்களாம். எழுதியதைக் காட்ட ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. "பம்பு ரிப்பேராவே இருக்கு. அதைப் பத்தின புத்தகம் மட்டும் நல்லா ஓடுது" என்பான். ஆகவே மன்றத்தில் யார் முடித்தாலும், முடிக்கும் முன் தங்கள் சனங்களைக் கூட்டி வாசிக்க வேண்டும்.

நிபோல் எடுத்துக்கொண்ட விஷயம் கார். டிங்கா தாய்மார்கள் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கதை. சிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் பேருந்து வரும் புறநகரில், ஆறு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெண் கையில் சாவி வருவதும் வராததும் எத்தனை பெரிய விஷயம் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இருபத்தோரு பெண்களிடம் பேசினாள். அவர்களில் ஒருத்தியின் பேச்சுதான் ஆய்வின் உயிர். அவள் பெயர் அஜோக், வயது அறுபது.

அஜோக்கின் கணவர் லுவால் சிறுநீரகம் கெட்டு மூன்று வருடம் படுத்திருந்தார். குடும்பத்தில் தலைவர் என்றால் லுவாலின் தம்பி குவோல்தான். அவர் சமூகச் சங்கத்துக்கும் தலைவர். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க ஸ்டியரிங் பிடிச்சா, நாளைக்கு நம்ம கழுத்தையும் பிடிப்பாங்க" என்று சபையில் சொல்லிவிட்டார். அண்ணனும் தம்பி பேச்சை மீறவில்லை. அஜோக் பக்கத்து வீட்டு வியட்நாம்காரியிடம் ரகசியமாகக் கற்றுக்கொண்டாள். ஐந்து முறை ரவுண்டானாவில் தோற்று ஆறாவது முறை உரிமம் வாங்கினாள். வாரம் மூன்று நாள் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஸ்பிரிங்வேல் சாலையைத் தாண்டும்வரை, தம்பியின் ஆட்கள் கண்ணில் படக்கூடாது என்று லுவால் பின் சீட்டில் போர்வையை மூடிப் படுத்துக்கொள்வாராம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அஜோக் ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்து இன்னொன்றும் சொன்னாள். "அவர் செத்தது மத்தியானம். எல்லாம் முடிஞ்சு நானே ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். வெயில் நல்லா இருந்துச்சு. ஒரு சிக்னல்கூட நிறுத்தல, எல்லாம் பச்சை. எனக்கு அழுகை வரல மகளே. பறக்குற மாதிரி இருந்துச்சு. வீட்டு வாசல்ல காரை நிறுத்தினப்பதான், இனி யாரைக் கூட்டிட்டுப் போவேன்னு அழுதேன்."

புருஷன் செத்த நாளில் பறக்கிற மாதிரி இருந்தது என்று ஒரு விதவை சொன்னாள் என்றால் ஊர் என்ன பேசும் என்று நிபோலுக்குத் தெரியாதா? தெரியும். ஆகவே ஒளித்தாள். அஜோக் என்ற பெயரை எடுத்துவிட்டு சூசன் என்று போட்டாள். ஊர், தெரு, வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றினாள். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு மூன்று முறை படித்து ஒப்புதல் கொடுத்தது. மன்றத்தில் ஒன்பது பேரும் படித்தார்கள். வாசிப்புக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை காலை, அழைப்பிதழோடு, பறக்கிற மாதிரி இருந்தது என்று சூசன் பேசிய அந்த ஒரு பக்கத்தையும் சேர்த்துச் சமூகத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது.

"நிபோல்."

"அம்மா, நல்லா இருக்கீங்களா?"

"எங்கப்பா மாட்டை எதுக்குடி தெருவுல அவுத்து விட்ட?"

நிபோலுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். சூசன் சொல்கிறாள்: "ஸ்டியரிங்கைப் பிடித்தால் எனக்கு அப்பாவின் எருது மங்கார் நினைவுதான். அதன் வலது கொம்பு வானத்தைப் பார்க்கும். இடது கொம்பு கண்ணுக்கு மேல் வளைந்து இறங்கும். பெருவெள்ளத்தில் மந்தைக்கு முன்னால் நீந்தி எல்லா மாட்டையும் கரை சேர்த்தது அதுதான்."

ஆளின் பெயரை மாற்றினாள், மாட்டின் பெயரை விட்டுவிட்டாள். ஒரு டிங்காக்காரனின் பெயர் வேறு எவனுக்கும் இருக்கும். அவனுடைய பாட்டு எருது அவனுக்கு மட்டும்தான். அந்த எருதைப் பற்றி அவன் கட்டிய பாட்டை நான்கு ஊர் பாடும். மாடு பார்த்து வளர்ந்தவர்கள் எவரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். வேறு இனத்துப் பெண்ணின் கதையாக இருந்தால், மாட்டின் பெயரை வைத்து ஒருவருக்கும் ஆள் தெரிந்திருக்காது. டிங்காவாகப் பிறந்து ஆடு பார்த்து வளர்ந்த நிபோலுக்குத்தான் அது வாய்த்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். டாண்டினாங் சந்தையில் டீ குடித்துக்கொண்டிருந்த கிழவர்கள் படித்தார்கள். "சூசனாம் சூசன்! மங்கார் யாரு மாடு? நம்ம அஜோக்கோட அப்பன் மாடு!" என்று ஒருவர் தொடையில் தட்டி அந்தப் பாட்டையே பாடிவிட்டாராம். வியாழன் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"குவோல் படிச்சாச்சு" என்றாள் அஜோக் போனில். "ஒரு வார்த்தை பேசல. அடுத்த மாசம் என் பையனுக்குப் பொண்ணு கேக்க அடிலெய்டு போகணும். அப்பன் இல்லாத பிள்ளை. சித்தப்பன் முன்னால உக்காந்து பேசலைன்னா அந்தப் பொண்ணு வீட்ல எங்களை வாசப்படி ஏத்துவாங்களா? அதை யோசிச்சியா நீ?"

வைத்துவிட்டாள். நிபோல் முதியோர் இல்லத்தின் துணி அறையில் துண்டுகளின் மேல் உட்கார்ந்து அழுதாள். பட்டம் போனால் போகட்டும். ஒருத்தி மனசைத் திறந்து கையில் கொடுத்ததை, பொத்திப் பொத்தி எடுத்துப் போய் நடுத்தெருவில் கொட்டிவிட்டோமே என்பதுதான் அவளைத் தின்றது.

அன்று வியாழன் இல்லை. ஆனாலும் மத்தியானத்துக்குள் மன்றத்தில் ஆறு பேர் கூடிவிட்டார்கள். நிபோல் நடந்ததைச் சொன்னாள். எஃபுவா அந்தப் பக்கத்தை நான்காவது முறையாகப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் இந்த மாட்டைப் பத்தி 'அழகான வரி'ன்னு பக்கத்துல எழுதி வேற குடுத்தேனே! இதயம் வேற போட்டேன்!"

"நான் கொம்பு வர்ற இடத்தை இன்னும் கொஞ்சம் விரிவா எழுதச் சொன்னேன்" என்றான் சிகொண்டி. அவன் முகம் சுண்டிப் போயிருந்தது.

"அந்த அத்தியாயத்தையே எடுத்துடறேன்" என்றாள் நிபோல்.

"எடுத்தா ஆய்வுல என்னக்கா இருக்கு?" என்றான் சிகொண்டி.

"ஒண்ணும் இருக்காது. இருக்கவேண்டாம்."

சமர்ப்பிக்க ஏழு வாரம்தான் இருந்தது. உதவித்தொகையும் அதோடு முடிகிறது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். எஃபுவா மட்டும் எழுந்து கைப்பையை எடுத்தாள். "மன்னிப்பு கேக்கத் தனியாப் போகக்கூடாது. எங்க ஊர்ல தனியாப் போனா, அது மன்னிப்பே இல்ல. நாங்களும்தானே படிச்சோம்? கிளம்பு."

நிபோல், எஃபுவா, சிகொண்டி மூவருமாக அஜோக் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அஜோக் கதவைத் திறந்து மூவரையும் மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே வரச் சொன்னாள். கோபத்தில் இருந்தாலும் வந்தவர்களுக்குச் சோறு போடாத வழக்கம் அந்த வீட்டில் இல்லை. கிஸ்ரா என்ற மெல்லிய சோள ரொட்டியும் வெண்டைக்காய்க் குழம்பும் வந்தன. சிகொண்டி கூச்சப்பட்டுக் கிள்ளித் தின்றான்.

"ஏன்டா, உன் ஊர்ல பஞ்சமா? ஒழுங்கா சாப்பிடு."

"சரிங்கம்மா."

எல்லோரும் கை கழுவிய பிறகு நிபோல் தரையில் மண்டியிட்டாள். "அம்மா, எனக்கு மாடு தெரியாது. தெரியாதுன்னுகூடத் தெரியாம இருந்துட்டேன். அந்த அத்தியாயத்தையே எடுத்துடறேன். நாளைக்கு வாசிப்பும் இல்ல."

அஜோக் டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"எங்க பக்கத்துல இந்த மாதிரி தப்புக்கு ஒரு மாடு அபராதம்" என்றாள் கடைசியில்.

எஃபுவாவும் சிகொண்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிகொண்டி மெல்ல, "கிப்ஸ்லாண்ட்ல பண்ணை இருக்கு, கேட்டுப் பாக்கலாம்..." என்றான். விளையாட்டில்லை, உண்மையாகவே சொன்னான்.

"உக்காருடா. மாட்டைக் கொண்டுவந்து எங்கே கட்டுவ? கார் ஷெட்லயா?" அஜோக்கின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. நிபோலைப் பார்த்தாள். "இப்ப நீ அதை எடுத்துட்டேன்னு வை. ஊர் என்ன சொல்லும்? அஜோக் அசிங்கமா எதையோ சொன்னா, எழுதினவளே வெக்கப்பட்டு எடுத்துட்டான்னு சொல்லும். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? யாரு அந்தச் சூசன்? நான் அஞ்சு தடவை ஃபெயில் ஆனேன், அவ எதுக்குப் பேர் வாங்கிட்டுப் போறா? என் பேரைப் போடு."

"அம்மா, குவோல் பெரியவர்..."

"நாளைக்கு வாசிப்பு இருக்கு. அந்தப் பக்கத்தை நீ வாசிக்காத. நான் எந்திரிச்சு நானே சொல்றேன். மாடு அவுந்து போச்சுன்னா சொந்தக்காரி பின்னாடியே போகணும். வீட்ல உக்காந்து அழுதா மாடு திரும்பி வருமா?"

ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் இன்று அஜோக் என்ற பெயரே இருக்கிறது. அதற்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க, அவர்கள் இருபது கேள்வி கேட்டார்கள். மன்றம் முழுவதும் உட்கார்ந்து பதில் எழுதியது. ஆனால் அன்று அது எதுவும் நிபோலுக்குத் தெரியாது. சனிக்கிழமை குவோல் வந்தால் என்ன ஆகும் என்பது மட்டும்தான் அவள் நினைப்பு.

குவோல் வந்தார். மூன்று மணிக்குச் சமூகக் கூடம் நிறைந்தபோது, கோட்டும் தொப்பியுமாக முன் வரிசையில் நடுவில் உட்கார்ந்தார். கைத்தடியை இரண்டு கால்களுக்கும் நடுவே ஊன்றி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். சந்தைக் கிழவர்கள் அத்தனை பேரும் பின்னால் வந்து நின்றார்கள். கால்பந்தைத் தட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளைக்கூட யாரோ அதட்டி அடக்கினார்கள்.

நிபோல் முதலில் தன் தவறைச் சொன்னாள். யார் சொன்னதாலும் இல்லை, அவளாகவே சொன்னாள். பிறகு மற்ற பெண்களின் கதைகளை வாசித்தாள். ரிவர்ஸ் எடுத்து அஞ்சல் பெட்டியைச் சாய்த்தவள், பரிசோதகர் பயத்தில் ஜெபம் செய்ததாகச் சொன்னவள் என்று வரவரக் கூடம் சிரித்துச் சிரித்து இளகியது. பிறகு அவள் ஒலிவாங்கியை விட்டு விலகி நின்றாள். தோளில் முடிச்சிட்ட பச்சைத் துணியோடு அஜோக் எழுந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். வியட்நாம்காரி, ரவுண்டானா, பின் சீட்டுப் போர்வை, எதையும் விடவில்லை. மத்தியான வெயிலையும் பச்சை விளக்கையும் சொன்னாள். பறக்கிற மாதிரி இருந்தது என்றும் சொன்னாள். குவோலைப் பார்த்தே சொன்னாள். சொல்லி முடித்ததும் உட்காரவில்லை.

குவோல் தடியை ஊன்றி எழுந்தார். சிகொண்டி பின்னால் வந்து நிபோலின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கண்ணன் செத்த அன்னைக்கு நான் எங்கே இருந்தேன்னு யாராவது கேட்டீங்களா?" என்றார் குவோல். கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "இதே ஹால்ல இருந்தேன். சங்கத்துல யாரு செயலாளர்னு சண்டை. போனை அணைச்சு வெச்சிருந்தேன். பதினோரு தடவை அஜோக் கூப்பிட்டிருக்கா."

தொப்பியைக் கழற்றினார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்க வேண்டியவன் நான். நான் வரல. நம்ம ஆளுங்க ஒருத்தரும் வரல. அவ பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்தா. எப்படி வந்தேன்னு ரெண்டு வருஷமா நான் கேக்கல. கேக்க பயமா இருந்துச்சு. முந்தாநேத்து அந்தப் பக்கத்தைப் படிச்சப்பதான் தெரியும், சிக்னல் எல்லாம் பச்சையா இருந்துச்சுன்னு." தொப்பியை மார்போடு சேர்த்துக்கொண்டார். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எங்க யாரும் இல்லாத இடத்துல அந்த விளக்காவது இருந்துச்சு. அண்ணி, அன்னைக்கு வண்டியை நான் ஓட்டியிருக்கணும்."

அஜோக் பச்சைத் துணியின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"நீயா? சர்ச் கேட்டை ரெண்டு தடவை இடிச்சவன் நீ. நீ ஓட்டியிருந்தா அன்னைக்கு மூணு சாவு விழுந்திருக்கும்."

ஒரு கணம் யாருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. முதலில் சிரித்தது குவோல். அப்புறம் சந்தைக் கிழவர்கள் கூரை அதிரச் சிரித்தார்கள். நிபோல் மேடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எஃபுவா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

குவோல் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொப்பியை மறுபடி போட்டார். "பையனுக்குப் பொண்ணு கேக்க நான்தான் முன்னால உக்காருவேன். ஆனா அடிலெய்டு ரொம்ப தூரம். எனக்குக் கண்ணும் சரியில்ல. நீயே என்னைக் கூட்டிட்டுப் போறியா அண்ணி?"

"காலைல அஞ்சு மணிக்கு வாசல்ல ரெடியா நில்லு" என்றாள் அஜோக். "போர்வை எல்லாம் வேண்டாம். முன் சீட்லயே உக்காரு."